மாத்திரைக்கு ஓர் உரைகல்

போன மாதம் தியாகராய நகர் உஸ்மான் சாலைக்கு ஒரு வளையலோடு போயிருந்தேன். என் மாமியார் காலத்து வளையல். பேத்திக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று என் மனைவி ஆசைப்பட்டாள். அந்தக் காலத்தில் ஆசாரி சொன்னதுதான் மாற்று; அதற்கு மேல் கேள்வி கிடையாது. இப்போது அப்படியில்லை. கடைப் பையன் வளையலை வாங்கி மிக்ஸி அளவுள்ள ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினான். எக்ஸ்ரே கதிர் பட்டு, உள்ளே தங்கம் எத்தனை, செம்பு எத்தனை, வெள்ளி எத்தனை என்று ஒரு நிமிடத்துக்குள் திரையில் எழுதிவிட்டது. நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். விவாதத்துக்கு இடமே இல்லை.

புதிய நகை என்றால் இன்னும் வசதி. 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க அடையாள எண் பொறிக்காத தங்க நகையை விற்கவே கூடாது. அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால், எந்தக் கடை, எந்த மையத்தில் சோதித்தார்கள், எத்தனை காரட் என்று வந்துவிடுகிறது.

வளையல் இருந்த அதே மஞ்சள் பையில் எங்கள் இருவருக்குமான அந்த மாத மாத்திரைகளும் இருந்தன. திரும்பி வரும் பேருந்தில்தான் தோன்றியது: கையில் போடும் பொருளை என் கண் முன்னால் சோதித்துக் காட்டுகிறார்கள். வயிற்றுக்குள் போடும் பொருளை?

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வந்துவிடவில்லை. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் நான் கொஞ்சம் அசடு வழிய வேண்டியிருக்கும்.

என் மனைவிக்கு நாலு வருடமாக முகத்து நரம்பு வலி. அது என்ன வலி என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். கன்னத்தில் காற்றுப் பட்டால் போதும், மின்சாரம் பாய்ந்த மாதிரி துடித்துப் போவாள். பல் தேய்க்க முடியாது. மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட்டாள். இதற்குக் கைகண்ட மருந்து கார்பமசெபைன். வலிப்பு நோய்க்கும் கொடுப்பார்கள். அந்த மாத்திரையைத் தொடங்கிய ஒரு வாரத்தில் அவள் மறுபடி மனுஷியானாள். நானும் ஒரு காரியம் செய்தேன். மாதா மாதம் மாத்திரை வாங்கி வந்ததும், அட்டையிலிருந்து எல்லாவற்றையும் உடைத்து எடுத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மேலே தெளிவாகச் சீட்டு எழுதி ஒட்டி, சமையலறை ஜன்னல் மாடத்தில் வைத்தேன். விரல் வலிக்க அவள் தினமும் அட்டையைக் கிழிக்க வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான். பில்லை மட்டும் கோப்பில் போட்டுவிடுவேன். குமாஸ்தா புத்தி எங்கே போகும்?

போன ஐப்பசி மழையில் வலி திரும்பி வந்தது. மூன்று நாளில் பழைய நிலைமை. எனக்கு உடனே சந்தேகம் போனது மருந்துக்கடை மீது. அந்த மாதம் வழக்கமான கம்பெனி மாத்திரை இல்லையென்று வேறு கம்பெனி கொடுத்திருந்தார்கள். நேரே போய், கூட்டம் நிற்கும்போது, "போலி மருந்து கொடுத்து ஒரு பொம்பளையைத் துடிக்க விட்டிருக்கீங்க" என்று சத்தம் போட்டேன். எழுபதைத் தாண்டியவன் சத்தம் போட்டால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். கடைக்காரரும் பேசவில்லை. "சார், வேணும்னா பணத்தைத் திருப்பித் தரேன்" என்றார். பணமா முக்கியம்?

அரசாங்கத்தில் இத்தனை வருடம் கோப்பு தள்ளியவனுக்குச் சட்டம் தேடத் தெரியாமல் போகுமா? தேடினேன். கிடைத்தது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், பிரிவு 26. மருந்து வாங்கிய எவரும், உரிய கட்டணம் செலுத்தி, தான் வாங்கிய மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அவர் கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். விண்ணப்பப் படிவம் 14-அ. அறிக்கை வருவது படிவம் 14-ஆ. இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றே சொல்ல வேண்டும். நம் முன்னோர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! குடிமகன் கையில் உரைகல்லைக் கொடுத்துவிட்டே போயிருக்கிறார்கள்.

விசாரிக்கப் போன அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, மாத்திரை எங்க?" பாட்டிலைக் காட்டினேன். அதில் பதினொன்று மிச்சம். அவர் பாட்டிலைப் பார்த்தார், நான் ஒட்டிய சீட்டைப் பார்த்தார். "அட்டை இல்லாம இது என்ன மாத்திரைன்னே சொல்ல முடியாதுங்களே. பிரிக்காத அட்டையா, அதே பேட்ச்ல இன்னும் கொஞ்சம் கொண்டு வாங்க." பில்லில் பேட்ச் எண் இருக்கிறது என்றேன். "பில்லு இருக்கு. ஆனா பில்லுல இருக்கறதுதான் பாட்டில்ல இருக்குன்னு யார் சொல்றது?" என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் குறிப்பெழுதி அனுப்பியிருப்பேன். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இங்கேதான் எங்கள் அடுக்கு வீட்டில் மேல்மாடியில் இருக்கும் பெண் வருகிறாள். வேதியியலில் ஆராய்ச்சி மாணவி. உலோக எலெக்ட்ரோடுகளின் மேல் ஏதேதோ பூசி, அவற்றால் மருந்துகளைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. லிஃப்டில் பார்த்தபோது என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "அங்கிள், உங்க வீட்லயே ஒரு மருந்து சோதிக்கற மிஷின் இருக்கு தெரியுமா?" என்றாள். அவள் சொன்னது என் சர்க்கரை மீட்டரை.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். தவறிருந்தால் பிழை என்னுடையது.

சர்க்கரை மீட்டரின் பட்டையில் இருப்பது ஒரு சின்ன எலெக்ட்ரோடு. 1962-ல் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் கொடுத்த யோசனை அது. ஒரு நொதியை எலெக்ட்ரோடின் மேல் உட்கார வைத்துவிட்டால், அது இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை மட்டும் பிடித்து மாற்றும். அந்த மாற்றத்தில் கிளம்பும் எலெக்ட்ரான்களை எலெக்ட்ரோடு எண்ணும். எத்தனை எலெக்ட்ரானோ அத்தனை சர்க்கரை. சரி, இதில் மருந்து எங்கே வந்தது? பட்டை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுக் காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கச் சொன்னாள். படித்தேன். பாராசிட்டமால், வைட்டமின் சி போன்றவை இரத்தத்தில் அதிகமிருந்தால் அளவு தவறாகக் காட்டக்கூடும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நானும் பல வருடமாகக் குத்திக்கொண்டு வருகிறேன், ஒரு நாளும் அதைப் படித்ததில்லை.

காரணம் இதுதான். பாராசிட்டமாலும் எலெக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும் பேர்வழி. எலெக்ட்ரோடில் கொஞ்சம் வோல்டேஜ் ஏற்றினால், ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு எலெக்ட்ரானை விட்டுக் கொடுத்துவிடும். மீட்டருக்கு எலெக்ட்ரான் என்றால் எலெக்ட்ரான்தான். அது சர்க்கரையிலிருந்து வந்ததா, காய்ச்சல் மாத்திரையிலிருந்து வந்ததா என்று முகம் பார்க்கத் தெரியாது. இன்றைய மீட்டர்கள் பலவற்றில் குறைந்த வோல்டேஜில் வேலை நடக்கும்படி செய்து இந்தக் குழப்பத்தைக் குறைத்திருக்கிறார்கள். (ஒரு உபரித் தகவல்: எலெக்ட்ரானை விட்ட பிறகு பாராசிட்டமால் என்னவாக மாறுகிறதோ, அதே பொருள்தான் நம் கல்லீரலிலும் சிறிதளவு உண்டாகிறது. மாத்திரையை அளவு மீறிச் சாப்பிட்டால் கல்லீரலைக் கெடுப்பது அதுவே. மேல்மாடிப் பெண் சொன்ன நாளிலிருந்து நான் உடம்பு வலிக்கெல்லாம் அதைப் போடுவதை விட்டுவிட்டேன்.)

ஆக, சர்க்கரை மீட்டருக்கு இடைஞ்சலாக வருவதையே வேலையாக மாற்றிக்கொண்டால், அதுதான் மருந்தைக் கண்டுபிடிக்கும் கருவி. மருந்தைக் கரைத்த திரவத்தில் மூன்று கம்பிகள். ஒன்றில் வேலை நடக்கும், ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க, ஒன்று மின்சுற்றை முடிக்க. வோல்டேஜை மெல்ல ஏற்றி இறக்கினால், எந்த வோல்டேஜில் எலெக்ட்ரான் கிளம்புகிறதோ அங்கே வரைபடத்தில் ஒரு மேடு எழும்பும். மேடு நிற்கும் இடம் இன்ன மருந்து என்று சொல்லும். மேட்டின் உயரம் எவ்வளவு என்று சொல்லும். இந்த வகைச் சோதனைக்கு அடிபோட்டவர் ஹெய்ரோவ்ஸ்கி. 1922-ல் பிராக் நகரத்தில் பாதரசச் சொட்டுகளை வைத்துத் தொடங்கினார். 1959-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

வெறும் தங்கக் கம்பியோ பிளாட்டினக் கம்பியோ இதற்குப் போதாது என்பது அடுத்த சிக்கல். பாராசிட்டமாலின் மேடும் வைட்டமின் சி-யின் மேடும் யூரிக் அமிலத்தின் மேடும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து ஒரே குன்றாகிவிடுமாம். அதோடு வேலை முடிந்த மருந்துக் கழிவு கம்பியின் மேல் ஒட்டிக்கொண்டு, டிகாக்ஷன் கறை பிடித்த ஃபில்டர் மாதிரி அடைத்துவிடும். அதற்காகத்தான் பூச்சு. தங்கத்தின் மேலேயே கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள், இல்லாவிட்டால் கிராஃபீன், இல்லாவிட்டால் மின்சாரம் கடத்தும் பாலிமர். சரியான பூச்சு அமைந்துவிட்டால் மேடுகள் தனித்தனியாகப் பிரியும், உயரமும் கூடும். பாண்டி பஜாரில் விற்கும் கவரிங் நகைக்கு முலாம் ஏற்றுவதும் அடிப்படையில் இதே மின்வேதியியல்தான் என்றாள். பூசுவதற்கு முன்னால் எலெக்ட்ரோடை அலுமினா பொடியில் வைத்து எட்டு எட்டாகப் போட்டுத் தேய்க்க வேண்டுமாம். "லைசென்ஸ் வாங்க எட்டு போட்டதைவிட நான் இதுலதான் அதிகமா எட்டு போட்டிருக்கேன் அங்கிள்."

இந்தக் கலையில் நம் ஊர் பின்தங்கியதா என்றால், இல்லவே இல்லை. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அன்றைய 15 லட்சம் என்றால் என்னவென்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அது போக, கிண்டியிலும் அடையாறிலும் உள்ள பல்கலைக்கழகக் கூடங்களில் இந்தப் பெண்ணைப் போல எத்தனையோ பேர் எட்டு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி என் அபிப்பிராயம்.

அந்தப் பெண் படிக்கக் கொடுத்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஏழெட்டைப் புரட்டினேன். உள்விவரம் எனக்குப் புரியவில்லை. ஆனால் கோப்பு படித்த கண்ணுக்கு வடிவம் புரியும். எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். புதிதாக ஒரு பூச்சு. முன்பு வந்த பூச்சுகளைவிட இது நுட்பமானது என்று ஓர் அட்டவணை. கடைசியில் ஒரு பத்தி. அந்தக் கடைசிப் பத்திதான் என்னை உட்கார வைத்தது. கடையில் மாத்திரை வாங்கி, பொடித்து, கரைத்து, தங்கள் எலெக்ட்ரோடில் அளந்து, 98 சதவீதம், 101 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். எலெக்ட்ரோடு சரியாக வேலை செய்கிறது என்பதற்கு மாத்திரை சாட்சி. மாத்திரை சரியாக இருக்கிறதா என்பதற்கு எலெக்ட்ரோடு சாட்சியாக வந்த ஒரு கட்டுரைகூட அந்த ஏழெட்டில் இல்லை. "ஏம்மா, அளவு குறைவா வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "மறுபடி அளப்போம் அங்கிள். எங்க தப்புன்னுதான் நினைப்போம்" என்றாள். பொய் சொல்லாத பெண்.

அவள் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பட்டம் வாங்கக் கட்டுரை வேண்டும்; கட்டுரைக்குப் புதுப் பூச்சு வேண்டும். பழைய பூச்சு ஒன்றை எடுத்து, ஆயிரம் பட்டையில் ஒரே மாதிரி வருமா, மே மாத வெயிலில் ஆறு மாதம் அலமாரியில் இருந்தால் தாங்குமா, பத்தாவது படித்த பையன் கையாண்டாலும் சரியாக வருமா என்று பார்ப்பது இருக்கிறதே, அதற்கு யாரும் பட்டம் கொடுப்பதில்லை. ஆனால் சர்க்கரை மீட்டர் நம் வீட்டுக்கு வந்ததே அந்த அலுப்பான வேலையை யாரோ செய்ததால்தான். 1962-ல் வந்த யோசனை பேனா அளவு மீட்டராகக் கைக்கு வந்தது 1987-ல். நடுவில் போன 25 வருடமும் புதுப் பூச்சு கண்டுபிடித்துக்கொண்டே இருந்திருந்தால், இன்னும் நாம் சோதனைச் சாலை வாசலில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்போம்.

மருந்தைச் சோதிக்க நாட்டில் ஏற்பாடே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தயாரிக்கும் கம்பெனி ஒவ்வொரு பேட்சையும் சோதித்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும் என்பது சட்டம். மருந்து ஆய்வாளர்கள் கடைகளில் மாதிரி எடுக்கிறார்கள். தரம் குறைந்தவற்றின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதா மாதம் இணையத்தில் போடுகிறது. நான் அதைத் தவறாமல் பார்க்கிறேன். ஆனால் மாதிரி எடுத்து, சோதித்து, பட்டியலில் வருவதற்குள் அந்த பேட்ச் மாத்திரை எத்தனையோ பேர் வயிற்றில் கரைந்து போயிருக்கும். 2023 ஆகஸ்ட் முதல், அதிகம் விற்கும் 300 மருந்துகளின் மேல் க்யூஆர் கோடு போட வேண்டும் என்று விதி வந்தது. நல்லதுதான். ஆனால் அது அட்டையின் ஜாதகம். உள்ளே இருப்பது என்ன என்று அது சொல்லாது.

நம்மைப் போன்ற மயிலாப்பூர் நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு விஷயம் உறைக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் தொடங்கியது. அங்கே வந்து சேரும் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து ரகசிய எண் போட்டு, வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே ஆஸ்பத்திரிக்கு விடுகிறார்கள். அதாவது ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று இலவசமாக வாங்கும் மாத்திரைக்கு இரண்டு சோதனை. நான் பணம் கொடுத்து ஏசி கடையில் வாங்கும் மாத்திரைக்குக் கம்பெனி செய்த ஒரு சோதனைதான் உறுதி. "அது கவர்மென்ட் மாத்திரை, வேலை செய்யாது" என்று நானே பல முறை சொல்லியிருக்கிறேன். இப்போது வாயை மூடிக்கொள்கிறேன்.

சோதனை தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்து உதாரணம் தேட வேண்டாம். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், இருபது பேருக்கும் மேல். புகார் வந்த இரண்டொரு நாளில் தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் முடிவைச் சொல்லிவிட்டது: டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1. அந்த பேட்ச் தயாரானது மே மாதம். கடைக்குப் போவதற்கு முன் யாராவது ஒருவர் அந்த ஒரு நாள் வேலையைச் செய்திருந்தால்? இதே விஷம் 1937-ல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றது. எழுபதுகளின் தொடக்கத்தில் இதே நம் சென்னையில் குழந்தைகளைக் கொன்றது. 1986-ல் பம்பாயில், 2020-ல் ஜம்முவில், 2022-ல் காம்பியாவில். பெயர்தான் மாறுகிறது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பூச்சு போட்ட எலெக்ட்ரோடு இருந்திருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருப்பார்கள் என்று நான் எழுதினால் அது பொய். அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்ட கேள்வியே அதுதான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். இருமல் மருந்தில் நியாயமாகச் சேர்க்கும் கிளிசரினும் புரோபிலீன் கிளைக்காலும், இந்த டைஎத்திலீன் கிளைக்காலும் பங்காளிகள். எலெக்ட்ரோடுக்கு மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே முகமாகத் தெரிவார்கள். அதற்கு வேறு சோதனைகள்தான் சரி. எலெக்ட்ரோடுக்குத் தோதானவை பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் மாதிரி எலெக்ட்ரானைச் சுலபமாக விடுகிற மருந்துகள். கார்பமசெபைன் கொஞ்சம் பிடிவாதக்காரர், அதிக வோல்டேஜ் கேட்பார், ஆனால் மசிவார். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் நம்பாதீர்கள்.

அப்படியானாலும் இது வேண்டும் என்றே சொல்வேன். இறுதித் தீர்ப்புக்கு இல்லை, முதல் சல்லடைக்கு. மாத்திரையில் மருந்தே இல்லை, பாதிதான் இருக்கிறது, வேறு ஏதோ இருக்கிறது என்ற மூன்று கேள்விக்கு அடுத்த நிமிடமே பதில் வேண்டும். சந்தேகம் வந்தால் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். நகைக்கடை எக்ஸ்ரே பெட்டியும் அதைத்தானே செய்கிறது? அதன் முடிவில் தகராறு வந்தால் உருக்கிப் பார்க்கும் இடம் வேறே இருக்கிறது.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் ஒரு விஷயம் சொல்வார். பிரான்சில் இலையுதிர் காலத்தில் ஜனங்கள் காட்டில் காளான் பொறுக்கப் போவார்கள். கூடையோடு நேரே மருந்துக்கடைக்கு வருவார்களாம். மருந்தாளுநர் ஒவ்வொன்றாகப் பார்த்து, இது தின்னலாம், இது விஷம் என்று பிரித்துக் கொடுப்பார். அதற்கென்றே அவர்களுக்குப் படிப்பில் ஒரு பாடம் உண்டு. நாங்கள் வகுப்பில் சிரித்தோம். மருந்துக்கடையில் காளானா என்று. இப்போது நினைத்துப் பார்த்தால், மருந்துக்கடைக்காரர் என்றால் விற்பவர் மட்டுமில்லை, பார்த்துச் சொல்பவர் என்பதுதான் அந்தக் கதையில் எனக்கு ஒட்டிக்கொண்டது. நம் ஊரிலும் மருந்தாளுநர்கள் படித்துப் பட்டம் வாங்கித்தான் வருகிறார்கள். வந்த பிறகு அவர்களை அட்டை எண்ணிக் கொடுக்க வைத்துவிட்டோம்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். ஆயிரத்திலும் வேண்டாம், சென்னையில் பத்தில் இப்படி ஒரு கருவியை வைத்துப் பார்க்கலாம். ஐந்து மருந்து போதும். காரைக்குடிக்காரர்களும் கிண்டிக்காரர்களும் புதுப் பூச்சு தேடுவதை ஒரு வருடம் நிறுத்திவிட்டு, இருக்கிற பூச்சில் நல்லதாக ஐந்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கட்டும். பிரிவு 26-க்கான படிவத்தை அங்கேயே வைக்கட்டும். பிரிக்காத அட்டை, பேட்ச் எண், பில் என்று என்னென்ன வேண்டும் என்று சுவரில் எழுதிப் போடட்டும். நான் செய்த தவறை இன்னொரு கிழவன் செய்யாமல் இருப்பான்.

என்ன தவறு என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லாமல் இவ்வளவு தூரம் ஓட்டிவிட்டேன்.

வலி திரும்பியதும் மருத்துவரிடம் போனோம். நான் போலி மருந்து புராணத்தை ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "மாத்திரையை எங்க வெச்சிருந்தீங்க?" ஹார்லிக்ஸ் பாட்டிலைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார். கார்பமசெபைன் ஈரத்தைக் குடிக்கும் மருந்தாம். ஈரம் ஏறினால் மாத்திரை கெட்டிப்பட்டு, வயிற்றில் சரியாகக் கரையாது. உடம்பில் சேர்வது மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடலாமாம். சென்னையில், ஐப்பசியில், சமையலறை ஜன்னலில், சோறு வடிக்கும் ஆவிக்குப் பக்கத்தில், அட்டையை உடைத்துத் திறந்து திறந்து மூடும் பாட்டிலில் வைத்திருந்தது நான்.

மீதமிருந்த பதினொன்றையும், அதே கம்பெனியில் புதிதாக வாங்கிய அட்டை ஒன்றையும் மேல்மாடிப் பெண்ணிடம் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை தன் கூடத்தில் அளந்து பார்த்தாள். பழையதிலும் புதியதிலும் மருந்து ஏறக்குறைய ஒரே அளவு. "அப்போ கடைக்காரர் மேல தப்பில்லையா?" என்றேன். "என் எலெக்ட்ரோடை வெச்சு அவ்வளவு பெரிய தீர்ப்பு சொல்ல முடியாது அங்கிள். எவ்வளவு இருக்குன்னுதான் அது சொல்லுது. வயித்துல கரையுமான்னு அது சொல்லலை." கரையும்போதே எலெக்ட்ரோடை உள்ளே விட்டு நிமிடத்துக்கு நிமிடம் பார்ப்பதும் உண்டாம், அதற்கு வேறு ஏற்பாடு வேண்டுமாம். பிறகு எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் இரண்டில் தண்ணீர் கேட்டாள். ஒன்றில் புதுசு, ஒன்றில் பழசு. இது ஒரு சோதனையே இல்லை, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். புதுசு கொஞ்ச நேரத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. பழசு கூழாங்கல் மாதிரி அடியில் கிடந்தது. என் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இதையா நான் முழுங்கிட்டிருந்தேன்?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனேன். கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். திட்டியது கூட்டத்தில் என்பதால். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டு, "அட விடுங்க சார்" என்று மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அட்டையோடு வைத்துக்கொள்ளச் சொன்னார். எனக்குச் சும்மா வர மனம் வரவில்லை. இந்த எலெக்ட்ரோடு விஷயத்தையும் சொல்லி, இப்படி ஒரு கருவி மலிவாக வந்தால் கடையில் வைப்பீர்களா என்று கேட்டேன்.

அவர் பில் போடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "வைக்கலாம் சார். ஆனா ஒரு பேட்ச் சரியில்லைன்னு அது காட்டிச்சுன்னு வைங்க. கஸ்டமர் எதிர்ல நிக்கறார். கம்பெனிக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டான், என் மிஷினை ஒத்துக்க மாட்டான். ஆபீஸ்ல சொன்னா முதல்ல என் ஸ்டாக்கைத்தான் சீல் வைப்பாங்க. நான் அன்னைக்கு யார்கிட்ட போறது?"

அதற்கு ஒரு படிவம் இருக்கிறதா என்று சட்டப் புத்தகத்தை மறுபடி புரட்டிக்கொண்டிருக்கிறேன்.